மூன்றாம் தரம் சொன்ன பிறகும் பணம் வராத ஏலங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி ஏலத்தில் பொருளைக் கேட்டு எடுத்துவிட்டுப் பணம் கட்ட மறுப்பவர்களால் என்னைப் போன்ற சிறு விற்பனையாளர்கள் படும் பாட்டைத் தங்கள் நாளிதழின் வழியாக வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். எனக்கு நேர்ந்ததைச் சொல்வதோடு, அப்போது எனக்குத் தெரியாமல் போன, தெரிந்திருந்தால் என் இழப்பைக் குறைத்திருக்கக்கூடிய சில சட்ட விவரங்களையும் சேர்த்து எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டதைப் பொறுத்தருள வேண்டும்.

என் தந்தையார் அஞ்சல் துறையில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். விடுதலையின் முதல் ஆண்டு நிறைவன்று, 1948 ஆகஸ்டு 15-ஆம் நாள், காந்தியடிகளின் உருவம் தாங்கி ஒன்றரை அணா, மூன்றரை அணா, பன்னிரண்டு அணா, பத்து ரூபாய் என நான்கு தபால்தலைகள் வெளியாயின. சுவிட்சர்லாந்தில் அச்சிடப்பட்டு, 'பாபு' என்ற சொல் இந்தியிலும் உருதுவிலும் பொறிக்கப்பட்ட தலைகள் அவை. பத்து ரூபாய் என்பது ஒரு குடும்பத்தின் பல நாள் சாப்பாட்டுச் செலவாக இருந்த காலத்தில், அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்த அப்பா நான்கையும் முழு விலை கொடுத்து வாங்கி, ஒட்டாமல், முத்திரை விழாமல், அறுபது ஆண்டுகளுக்கு மேல் பாதுகாத்தார். இதே பத்து ரூபாய்த் தலையில் 'சர்வீஸ்' என்று மேலச்சிட்ட நான்கு தலைகள் 2017-இல் இலண்டனில் ஐந்து இலட்சம் பவுண்டுக்கு விற்ற செய்தியைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டில் இருப்பதும் அதுதானா என்று கேட்டவர்கள் உண்டு. எங்களிடம் இருந்தது சாதாரண வெளியீடுதான். ஆனாலும் சேகரிப்பவர்கள் விரும்பித் தேடும் தொகுப்பு அது.

அப்பாவுக்குப் பின் ஆல்பங்களைக் காவிரிக்கரை ஈரப்பதத்திலிருந்து காப்பாற்றுவது எனக்கு இயலாமல் போயிற்று. பிள்ளைகளுக்கு அதில் நாட்டம் இல்லை. மதிப்புத் தெரிந்த ஒருவரிடம் போய்ச் சேரட்டும் என்ற எண்ணத்தில், கைப்பேசி வழியே நடக்கும் ஒரு தபால்தலை ஏலக் குழுவில் சென்ற ஆண்டு அந்தத் தொகுப்பை வைத்தேன். 2018 ஆகஸ்டில் இணையவழி ஏல நிறுவனமான ஈபே தன் இந்தியத் தளத்தை மூடிய பிறகு, நான் அறிந்த சேகரிப்பாளர்கள் பலர் இத்தகைய குழுக்களைத்தான் நம்பி இருக்கிறார்கள். இரவு எட்டு மணிக்குப் பொருளின் படமும் தொடக்க விலையும் வெளியிடப்படும். ஒன்பதரை மணி வரை கேட்கலாம். கடைசி ஐந்து நிமிடத்தில் யாராவது விலையை ஏற்றினால் இன்னும் ஐந்து நிமிடம் நீளும். பிறகு குழுவை நடத்துபவர் ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று எழுதி ஏலத்தை முடிப்பார்.

தொடக்க விலையாக 6,000 ரூபாய் வைத்திருந்தேன். தலைகளின் முன்புறம், பின்புறம் இரண்டையும் படமெடுத்து, பன்னிரண்டு அணாத் தலையின் மூலையில் உள்ள லேசான பழுப்பையும் குறிப்பிட்டிருந்தேன். பதின்மூவாயிரம் வரை மூவர் கேட்டனர். அதற்குப் பின் இருவர் மட்டும் மாறி மாறி ஏற்றிக்கொண்டே போய், வெளிமாநிலத்தைச் சேர்ந்த ஒருவருக்கு 18,500 ரூபாயில் ஏலம் முடிந்தது. மூன்று நாளில் பணம் செலுத்த வேண்டும் என்பது குழுவின் விதி.

முதல் நாள், சம்பளம் வந்ததும் அனுப்புவதாகச் சொன்னார். நான்காம் நாள், பணம் அனுப்பியாயிற்று என்று ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. என் வங்கிக் கணக்கிலோ ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஸ்பீட் போஸ்ட் உறையில் முகவரியெல்லாம் எழுதி வைத்திருந்தேன். அந்தப் படத்தை நம்பி அன்று மதியமே அனுப்பியிருப்பேன், அஞ்சலகத்தில் கூட்டமாக இருந்ததால் திரும்பி வந்தேன். கேட்டபோது வங்கியில் ஏதோ கோளாறு என்றார். ஒன்பதாம் நாள், பத்து ரூபாய்த் தலையின் பின்புறத்தில் பசை முழுமையாக இல்லை, அதனால் வேண்டாம் என்று எழுதினார். பின்புறப் படத்தை ஏலத்துக்கு முன்பே நான் வெளியிட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினேன். அதன்பின் அவரிடமிருந்து பதில் இல்லை. என் எண்ணையும் தடுத்துவிட்டார்.

நியாயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் அல்லர். இதே குழுவில் முன்பு, தபால்தலை வெளியாகும் நாளிலேயே முத்திரையிடப்பட்ட சில முதல்நாள் உறைகளை எடுத்த இளைஞர் ஒருவர், வீட்டில் ஒருவரைத் திடீரென்று மருத்துவமனையில் சேர்த்துவிட்டதால் பணம் கட்ட முடியாது என்று மறுநாள் காலையிலேயே அழைத்துச் சொன்னார். அவரை நான் உடனே விடுவித்தேன். பொருள் விவரித்தபடி இல்லாவிட்டால் மறுக்கும் உரிமையும் வாங்குபவருக்கு உண்டு. காந்தி பத்து ரூபாய்த் தலைக்குப் போலிகள் ஏராளம் என்பதால் சான்றிதழ் கேட்பதுகூடத் தவறில்லை. ஆனால் இவற்றையெல்லாம் விலை கேட்பதற்கு முன் கேட்க வேண்டும். வாங்கும் எண்ணமே இல்லாமல் கேட்டு, மற்றவர்களை விலக்கிவிட்டுப் பிறகு சாக்குச் சொல்வது வேறு வகை.

குழுவை நடத்தியவரிடம் முறையிட்டேன். அவர் அந்த நபரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, அதற்குமேல் தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்றார். இரண்டாவதாக 18,000 ரூபாய் கேட்டவரை அணுகினேன். முதலாமவர் நானே ஏற்பாடு செய்த ஆளோ, விலையை ஏற்றத்தான் கேட்டாரோ என்று அவர் சந்தேகப்பட்டார். அவரைக் குறை சொல்லவும் எனக்கு வாயில்லை. விற்பவர் தம் ஆளை வைத்து விலையை ஏற்றினால் அந்த ஏலத்தையே வாங்குபவர் தள்ளிவிடலாம் என்று சட்டமே சொல்லும் அளவுக்குப் பழைய தந்திரம் அது. பணம் கட்டாத ஒருவரால் எனக்குப் போனது 18,500 ரூபாய் மட்டுமா? ஐம்பது பேர் இருக்கும் குழுவில் என் நேர்மையின்மீதும் ஒரு கறை விழுந்தது. அந்த மன உளைச்சலில், மூன்றாவதாகக் கேட்டவருக்கே 12,500 ரூபாய்க்கு அந்த வாரமே தொகுப்பைக் கொடுத்துவிட்டேன்.

அங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். இரண்டு மாதம் கழித்து, எங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் வேறொரு வேலையாகப் போனபோது இதைச் சொன்னேன். மறுவிற்பனை செய்யப் போவதாக முதலாமவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்தீர்களா என்று அவர் கேட்டார். கொடுக்கவில்லை என்றேன். அப்படியானால் 6,000 ரூபாய் இழப்பை அவரிடம் கேட்கும் வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள் என்றார்.

1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது. ஏலத்தை நடத்துபவர் சுத்தியலைத் தட்டியோ வழக்கமான வேறு முறையிலோ ஏலம் முடிந்தது என்று அறிவிக்கும்போது விற்பனை முழுமை அடைகிறது. அதுவரை யாரும் தாம் கேட்ட விலையைத் திரும்பப் பெறலாம் என்கிறது 64-ஆம் பிரிவு. ஆகவே மூன்றாம் தரம் சொல்வதற்கு ஒரு நொடி முன்புவரை விலகலாம், அதற்குப் பின் விலக முடியாது. கைப்பேசியில் நடந்ததால் ஒப்பந்தம் ஆகாது என்று வாதிடவும் இடமில்லை. மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தத்தைச் செல்லாது எனக் கூடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. கடன் தவணை என்று பேசியிராத விற்பனையில், பணம் வரும்வரை பொருளைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையும் விற்பவருக்கு உண்டு. கூட்டமாக இருந்ததால் நான் அஞ்சலகத்திலிருந்து திரும்பி வந்தது எனக்கு எவ்வளவு பெரிய நன்மை என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் புரிந்தது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் வலியுறுத்த விரும்புவது 54-ஆம் பிரிவை. பணம் கிடைக்காத விற்பனையாளர், பொருளை வேறு ஒருவருக்கு விற்கப் போவதாக முதல் வாங்குபவருக்கு அறிவித்து, நியாயமான கால அவகாசம் கொடுத்து, அதற்குள்ளும் பணம் வராவிட்டால் மறுவிற்பனை செய்யலாம். அதில் ஏற்படும் இழப்பை முதலாமவரிடம் ஈடாகக் கோரலாம். அழுகும் பொருளுக்கு மட்டும் முன்னறிவிப்புத் தேவையில்லை. அறிவிக்காமல் விற்றுவிட்டால் இழப்பைக் கேட்க முடியாது என்பதோடு, கூடுதல் விலைக்கு விற்று இலாபம் வந்தால் அதுவும் முதலாமவருக்கே போய்ச் சேர வேண்டும் என்கிறது அதே பிரிவு. அந்த அறிவிப்புக்கு முத்திரைத்தாளோ வழக்கறிஞரோ கட்டாயமில்லை. 'இன்ன நாளில் முடிந்த ஏலத்தில் இன்ன விலைக்கு நீங்கள் எடுத்த பொருளுக்கு இன்னும் பணம் வரவில்லை. ஏழு நாளுக்குள் செலுத்தாவிட்டால் வேறு ஒருவருக்கு விற்றுவிட்டு, குறையும் தொகையை உங்களிடம் கோருவேன்' என்ற நான்கு வரி போதும். அதை அவர் கொடுத்த முகவரிக்கு சேர்ப்புச் சான்றுடன் ஸ்பீட் போஸ்டிலும், கைப்பேசியிலும் அனுப்பி வைத்திருந்தால் என் கோரிக்கை உயிரோடு இருந்திருக்கும். நாற்பது ஆண்டு பள்ளியில் பாடம் நடத்திய எனக்கு இந்த நான்கு வரி தெரியாமல் போயிற்று. மற்றவர்களுக்கும் அப்படி ஆகக் கூடாது.

உரையாடல்களை அழிக்காமல் வைத்திருப்பதும் இதே அளவு முக்கியம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுகளைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் அதற்கு உரிய சான்றிதழை இணைக்க வேண்டும். கோபத்தில் குழுவை விட்டு வெளியேறி, உரையாடலையும் அழித்துவிட்டால் கையில் ஒன்றும் இருக்காது. நான் வெளியேறத்தான் செய்தேன். நல்லவேளையாக உரையாடல் கைப்பேசியிலேயே இருந்தது.

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் போய் நிற்க ஓர் இடம் இல்லை என்பதுதான் வேதனை. காவல் நிலையத்தில் இது உரிமையியல் வழக்கு என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்தது என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடிக் குற்றம் ஆகும். கொடுத்த வாக்கைக் காப்பாற்றாதது மட்டும் குற்றமாகிவிடாது. நுகர்வோர் ஆணையத்தின் கதவும் மூடியே இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நுகர்வோர் என்றால் விலை கொடுத்து வாங்குபவர்தான். அவர் குறை சொல்ல எளிய ஏற்பாடு இருப்பது நல்லதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வீட்டில் இருந்த நாலு பொருளை விற்கும் ஓய்வூதியர் வாங்குபவரால் ஏமாற்றப்பட்டால், 6,000 ரூபாய்க்காக உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்கு மூன்றாண்டு காலவரம்பு உண்டு என்பது ஆறுதல். ஆனால் எதிராளி வேறு மாநிலத்தில் இருக்கும்போது யார் அதைச் செய்வார்கள்? 'போனால் போகட்டும்' என்று விட்டுவிடுவார்கள் என்பது இப்படிக் கேட்பவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஒரு வழி இருக்கிறது, அது போதிய அளவு வெளியே தெரியவில்லை. மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால், வழக்குத் தொடுக்கும் முன்பே மக்கள் நீதிமன்றத்தில் பேச்சுவார்த்தைக்கு எடுத்துக்கொள்வார்கள். கட்டணம் கிடையாது. அங்கே சமரசம் ஏற்பட்டால் அந்தத் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. எதிராளி வராவிட்டால் கட்டாயப்படுத்த முடியாது என்ற குறை உண்டு. இருந்தாலும், நீதிமன்ற வளாகத்திலிருந்து ஓர் அழைப்புக் கடிதம் வீட்டு முகவரிக்கு வரும்போது, குறுஞ்செய்திக்கு அசையாதவர்கள் சிலராவது அசைவார்கள் என்றே அந்த வழக்கறிஞரும் சொன்னார். இரு தரப்பும் தத்தம் ஊரிலிருந்தே காணொலியில் கலந்துகொள்ளும்படி, இணையவழி விற்பனைத் தகராறுகளுக்கென்று இந்த ஏற்பாட்டை விரிவுபடுத்த மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இருந்தாலும், நோய் வந்தபின் பார்க்கும் வைத்தியம்தான் இது. வரும்முன் காக்கும் முறை நம் ஊரில் எப்போதோ இருக்கிறது. கோயில் நிலக் குத்தகையானாலும், ஏரி மீன்பாசி ஏலமானாலும், டேவணி எனும் முன்வைப்புத் தொகை கட்டாதவர் விலை கேட்கவே முடியாது. எடுத்தவர் மீதியைக் கட்டாவிட்டால் டேவணி போய்விடும். திருவிழாவில் ஒரு எலுமிச்சம்பழத்தை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுப்பவருக்கு டேவணி கேட்பதில்லையே என்றால், அங்கே ஊரே சாட்சி; மறுநாள் அதே தெருவில் அவர் நடந்தாக வேண்டும். முகம் தெரியாத ஏலத்தில் அந்தக் கூச்சத்தின் இடத்தை டேவணிதான் நிரப்ப முடியும்.

வங்கிகள் கடனுக்காகக் கைப்பற்றிய சொத்தை இணையவழியில் ஏலம் விடும்போது எவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்று பாருங்கள். 2002-ஆம் ஆண்டின் விதிகளின்படி, ஏலம் எடுத்தவர் அன்றோ அடுத்த வேலை நாளிலோ, ஏற்கெனவே கட்டிய முன்பணத்தையும் சேர்த்து, 25 விழுக்காடு செலுத்த வேண்டும். விற்பனை உறுதியான பதினைந்தாம் நாளுக்குள் மீதியைக் கட்ட வேண்டும். எழுத்து மூலம் ஒப்புக்கொண்டு நீட்டித்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. தவறினால் கட்டியது பறிமுதல். சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில், அந்தப் பறிமுதல் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உறுதிப்படுத்தியது. கோடிக்கணக்கில் இருப்பு வைத்திருக்கும் வங்கிக்கே இந்தப் பாதுகாப்புத் தேவைப்படும்போது, ஆல்பம் விற்கும் வீட்டுப் பெண்ணுக்குத் தேவைப்படாதா?

ஆகவே ஏலக் குழுக்களை நடத்துபவர்களிடம் நான் கேட்பது இதுதான். ஐந்நூறோ ஆயிரமோ, உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் ஒரு டேவணியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். விலகும்போது திருப்பிக் கொடுங்கள். கெடுவுக்குள் பணம் கட்டாதவரின் டேவணி விற்பவருக்குச் சேரும் என்பதையும், இரண்டாமவருக்கு எந்த விலையில் பொருள் போகும் என்பதையும் ஏலத்துக்கு முன்பே எழுதி அறிவியுங்கள். முதலாமவர் விலகினால், அவர் ஏற்றிவிட்ட விலையை இரண்டாமவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. அவரை நீக்கிப் பார்த்தால் உண்மையான போட்டி எங்கே நின்றதோ அங்கிருந்து, என் ஏலத்தில் என்றால் பதின்மூவாயிரத்திலிருந்து, மறுபடி கேட்க விட வேண்டும் என்பது என் கருத்து. இதை ஒத்துக்கொள்ளாத விற்பனையாளர்கள் இருப்பார்கள். ஆனால் என்மேல் விழுந்த சந்தேகத்தை அனுபவித்தவள் என்ற முறையில், விலை குறைந்தாலும் இதுவே நல்ல முறை என்று சொல்வேன். ஈபே தளத்தில்கூட நான்கு நாளில் பணம் வராவிட்டால் விற்பவர் அந்த விற்பனையை ரத்து செய்துவிட்டு வேறு வழி பார்க்கலாம். நம் குழுக்களில் அப்படி ஒரு கெடு பெயரளவில்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பணம் கட்டாதவரின் புகைப்படத்தையும் கைப்பேசி எண்ணையும் 'திருடன்' என்ற தலைப்போடு பல குழுக்களில் பரப்பும் வழக்கம் வளர்ந்து வருகிறது. எனக்காகவும் அப்படிச் செய்யச் சிலர் முன்வந்தார்கள்; நான் சம்மதிக்கவில்லை. அவதூறு வழக்கில் நாமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரும் என்பது ஒரு காரணம். அந்த மனிதரின் வீட்டில் அவர் செய்ததை அறியாத பிள்ளைகள் இருப்பார்கள் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம். இன்னார் இத்தனை ஏலங்களில் பணம் கட்டவில்லை என்ற விவரத்தை மட்டும் குழு நடத்துபவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டால் போதும்.

முதல்முறை விற்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பணம் அனுப்பியதாக வரும் படத்தை நம்பிப் பொருளை அனுப்பிவிடாதீர்கள். வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்த பிறகே அனுப்புங்கள். கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள் என்று அவசரப்படுத்துபவரிடம் இன்னும் கவனமாக இருங்கள். யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை உள்ளிட வேண்டிய தேவையே இல்லை. உள்ளிடச் சொல்பவர் உங்கள் கணக்கிலிருந்து எடுக்கத்தான் பார்க்கிறார். அப்படிப் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் செய்ய வேண்டும்.

அந்த ஏலக் குழுவை நடத்துபவருக்கும் இக்கடிதத்தின் படி ஒன்றை அனுப்பியிருக்கிறேன். டேவணி வாங்குவதைப் பற்றி உறுப்பினர்களிடம் கேட்டுச் சொல்வதாக அவர் பதில் எழுதியிருக்கிறார். அப்பாவின் சேகரிப்பில் திருவாங்கூர் அஞ்சல் தலைகள் அடங்கிய இரண்டு ஆல்பங்கள் இன்னும் என்னிடம் உள்ளன. அவர் முடிவைச் சொல்லும்வரை அவற்றை ஏலத்துக்கு வைப்பதாக இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
கும்பகோணம்.